குடோனில் தினமும் விழும் குழி

அவர் அதைத் தலைக்கு மேல் தூக்கினார். சிரித்துக்கொண்டே கையை விட்டார்.

கீழே சிமென்ட் தரை. விழுந்த சத்தத்தில் நான் "ஐயையோ" என்று கத்தி, பின்னால் நகர்ந்து, அடுக்கி வைத்திருந்த அட்டைப் பெட்டிகள் மேல் சாய்ந்துவிட்டேன். சுற்றி நின்றவர்கள் யாரும் அசையவில்லை. அவரே குனிந்து எடுத்தார், சட்டையில் துடைத்தார், என் முகத்துக்கு நேராக நீட்டினார். திரை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"பாத்தீங்களா மேம்? ஒண்ணுமே ஆகாது."

மெஷினுக்கு ஆகாது... எனக்கு?

என் கையிலிருந்து போன் விழுந்த கதைகளை இந்தப் பக்கத்தில் பலமுறை படித்து நொந்திருக்கிறீர்கள். சோபாவிலிருந்து மிதியடி மேல் விழுந்ததற்கே திரை உடைந்த போன் என்னுடையது. அப்படிப்பட்டவள் முன்னால் ஒருவர் வேண்டுமென்றே ஒரு மெஷினைத் தரையில் போட்டால் நெஞ்சு என்னத்துக்கு ஆகும்? அதன் விலையை வேறு கேட்டுத் தொலைத்தேன். கேட்டிருக்கக் கூடாது.

நான் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

செவிலிமேட்டில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருப்பவள் குணசுந்தரி. எங்களுக்கெல்லாம் குணா. ஐயம்பேட்டை போகும் வழியில் ஒரு பட்டுப்புடவைக் குடோனுக்கு இன்சார்ஜ். கடை இல்லை அது. போனில் பார்த்து ஆர்டர் போடுகிறவர்களுக்குப் புடவையை ரேக்கிலிருந்து எடுத்து, பிரித்துப் பார்த்து, மடித்து, பெட்டியில் போட்டு, கூரியருக்கு அனுப்பும் இடம். பாதிக்கு மேல் கல்யாணப் பட்டு.

"அக்கா, குடோன்ல மெஷின் மாத்தப் போறாங்க. சென்னையில இருந்து ஒருத்தர் காட்ட வராரு. நீங்க சும்மா கூட வந்து நின்னா போதும்."

"எனக்கு அதைப் பத்தி என்னம்மா தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேணாம். பத்திரிகையில எழுதறவங்க வராங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். வாய்க்கு வந்ததைச் சொல்லி ஏமாத்த மாட்டாரு இல்ல?"

ஆக, என்னை அழைத்தது என் அறிவுக்காக அல்ல. மிரட்டுவதற்காக. இத்தனை வருடம் எழுதியதற்கு இப்படியாவது ஒரு பயன்.

அந்த மெஷின் பார்ப்பதற்குப் போன்தான். ஆனால் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த போன். உச்சியில் ஒரு சின்னக் கண்ணாடி. பக்கவாட்டில் இருக்கும் பட்டனை அழுத்தினால் அதிலிருந்து சிவப்பு வெளிச்சம் வரும், புடவை உறையில் ஒட்டியிருக்கும் பார்கோடைப் படிக்கும், 'பீப்' என்று கத்தும். எந்தப் புடவை, எந்த ரேக்கிலிருந்து, யாருக்குப் போகிறது, யார் எடுத்தார்கள் — அத்தனையும் அந்த ஒரு பீப்பில் சென்னை ஆபீசுக்குத் தெரிந்துவிடும்.

பழைய மெஷின்களுக்கு வயதாகிவிட்டது. பேட்டரி உப்பிப்போய், மூடி மூடாமல், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தார்கள். ஆண்ட்ராய்டு பழசு, கம்பெனியின் புது ஆப் அதில் ஏறாது. நடுநடுவே திரை உறைந்து நிற்கும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பெரிய குற்றச்சாட்டு ஒன்று இருந்தது.

தினமும் ஏதோ ஒரு நேரத்தில், குடோனில் இருக்கும் எல்லா மெஷின்களும் சொல்லி வைத்தாற்போல ஒன்றாகப் படுத்துவிடுகின்றனவாம்.

சென்னையில் உட்கார்ந்திருக்கும் மேனேஜர் பிரபாகரின் கம்ப்யூட்டரில் அது குழியாகத் தெரிகிறது. வேலையைக் காட்டும் கோடு ஒழுங்காக ஏறிக்கொண்டே வரும், திடீரென்று கீழே விழும், ஒரு மணி நேரத்துக்கும் மேல் தரையோடு கிடக்கும், பிறகு எழுந்து ஓடும். 'டிவைஸ் இன்ஆக்டிவ்' என்று பக்கத்தில் சிவப்பு எழுத்து. அதாவது கருவி இயங்கவில்லை.

ஹெட் ஆபீசின் முடிவு சுருக்கமாக இருந்தது. புது மெஷின் வாங்கித் தருகிறோம். அதிலும் குழி விழுந்தால், காஞ்சிபுரம் குடோனை மூடிவிட்டுச் சென்னைப் பக்கம் ஒரு பெரிய வேர்ஹவுசுக்கு எல்லாவற்றையும் கொண்டுபோய்விடுகிறோம்.

குணாவின் கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். வண்டி கவிழ்ந்து இடுப்பில் அடிபட்டதிலிருந்து வீட்டோடு இருக்கிறார். அந்தக் குடும்பம் ஓடுவது இவள் சம்பளத்தில். அவரைத் தனியே விட்டுவிட்டு இவள் தினமும் சென்னைப் பக்கம் போய்வருவது நடக்காத காரியம். குடோன் போனால் வேலையும் போனது.

இப்போது புரிகிறதா, ஒரு மெஷினைத் தேர்ந்தெடுக்க அவள் ஏன் துணைக்கு ஆள் தேடினாள் என்று?

டெமோவுக்கு வருவோம். சேல்ஸ்காரர் சுறுசுறுப்பான இளைஞர். தண்ணீர் ஊற்றிக் காட்டினார். கையுறை போட்டுக்கொண்டு திரையைத் தொட்டால்கூட வேலை செய்யும் என்றார். மைனஸ் டிகிரி குளிரில் ஃப்ரீஸர் அறைக்குள்ளும் ஓடும் என்றார்.

"மே மாசத்துல இந்தத் தகர ஷீட்டுக்கு அடியில ஓடுமா, அதைச் சொல்லுங்க" என்றாள் குணா.

அவர் கொஞ்சம் தடுமாறிப் பிறகு ஓடும் என்றார். மூன்று மாடல்கள் கொண்டுவந்திருந்தார். ஒன்று கைப்பிடி வைத்த துப்பாக்கி மாடல். உயரமான ரேக்குகளைத் தூரத்திலிருந்து படிக்க வசதி, ஆனால் நாள் முழுக்கத் தூக்கினால் மணிக்கட்டு போய்விடும். இன்னொன்று ஒல்லியாக, அழகாக, போன் போலவே இருந்தது. நான் அதற்கே ஓட்டுப் போட்டேன். குணா அதைத் திருப்பிப் பார்த்து, "பேட்டரியைக் கழட்ட முடியாதா? அப்ப சார்ஜ் ஏறுற வரைக்கும் ஆளு கையைக் கட்டிக்கினு நிக்கணுமா?" என்று ஒதுக்கிவிட்டாள். எத்தனை வருடம் ஆண்ட்ராய்டு அப்டேட் தருவீர்கள், எழுதிக் கொடுப்பீர்களா, ரேக்குக்கு ரேக் நகரும்போது வைஃபை அறுபடாமல் தாவுமா என்று அவள் கேட்டுக்கொண்டே போக, எனக்கு அடுத்த அதிர்ச்சி. குணா கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவளாம். பக்கத்துத் தெருவில் இத்தனை நாளாக இருக்கிறாள், கோலப் பொடியும் கறிவேப்பிலையும் தவிர வேறு எதைப் பற்றியும் நான் அவளிடம் பேசியதில்லை.

மூன்றாவது மாடல் எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஸ்டெல்லா அதைக் கையில் மாட்டிப் பார்த்தாள். முசரவாக்கத்திலிருந்து வருகிறவள் ஸ்டெல்லா. பேக்கிங் பெண்களில் மூத்தவள். மெஷின் கையிலிருந்து நழுவாமல் இருக்க முதுகில் ஒரு பட்டை. பிள்ளைகள் ஷூவில் 'பர்ர்' என்று இழுத்துப் பிரிப்போமே, அந்த வெல்க்ரோ. மாட்டிய கையோடு, பழக்கதோஷத்தில், மேஜையில் விரித்திருந்த அரக்குப் புடவையின் முந்தானையை நீவினாள்.

கையை எடுத்தபோது முந்தானையும் கூடவே எழுந்து வந்தது. ஒரு இழை நீளமாக வெளியே வந்து நின்றது.

குடோன் மொத்தமும் மூச்சை இழுத்துப் பிடித்தது. ஆளுயரத்திலிருந்து மெஷின் விழுந்தபோது கண்ணைக்கூடச் சிமிட்டாத அதே பெண்கள்.

"மெஷினுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்க, சரி. புடவைக்கு ஆவுதே, அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்று குணா கேட்டாள்.

"இதுவரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்ல மேம்."

எப்படிக் கேட்பார்கள்? கீழே போட்டுக் காட்டியவரை எல்லாரும் கைதட்டித்தான் அனுப்பியிருப்பார்கள். உலகத்திடமிருந்து மெஷினைக் காப்பாற்ற அத்தனை ஏற்பாடு. மெஷினிடமிருந்து உலகத்தைக் காப்பாற்றுவது யார் வேலை என்று கம்பெனியில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. வெல்க்ரோவை எடுத்துவிட்டு, வழவழப்பான எலாஸ்டிக் துணிப்பட்டை போட்டுத் தருவதாக அவர் ஒப்புக்கொண்ட பிறகே அந்த மாடல் முடிவானது. இழை பிரிந்த புடவையைச் சரிசெய்யத் தனியாக எடுத்து வைத்தார்கள்.

புது மெஷின்கள் வந்தன. கண்ணாடியில் படாமல் முதுகில் மட்டும் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, வேலையை ஆரம்பித்தார்கள். பீப் சத்தம் இனிமையாக இருக்கிறது என்று குணா எனக்கு போன் பண்ணிக் கேட்கவே வைத்தாள்.

ஒரு வாரம் போயிருக்கும். சாயங்காலம் எங்கள் வீட்டு கேட்டில் வந்து நின்றாள். முகமே சரியில்லை.

"அக்கா, புது மெஷினும் படுத்துக்குதாம்."

"படுத்துக்குதாமா? நீ பாக்கலையா?"

"நான் பாக்கும்போதெல்லாம் நல்லாத்தான் இருக்குது. ரிப்போர்ட்டுல இன்ஆக்டிவ், இன்ஆக்டிவ்னு வந்துக்கினே இருக்குது. அதே குழி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கியது. தலைக்கு மேலிருந்து விழுந்தும் அசையாதது. இங்கே வந்து ஒரே வாரத்தில் படுத்துக்கொண்டதா?

வைஃபை பார்க்க ஆள் வந்தாராம். தகர ஷீட் சிக்னலைத் தின்கிறது என்று வைஃபை பெட்டியையே மாற்றினாராம். இன்னொருவர் பக்கத்துக் கொட்டகையில் ஓடும் விசைத்தறிதான் காரணம் என்றாராம். எதற்கும் இருக்கட்டும் என்று வாசலில் திருஷ்டிப் பூசணிக்காயும் கட்டியாகிவிட்டது.

"வெள்ளிக்கெழம பிரபாகர் சார் நேர்ல வராரு. பாத்துட்டு முடிவு சொல்லிடுவாராம்." அதைச் சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அவருக்கு இன்னும் விஷயம் தெரியாதுக்கா. நான் வீட்ல சொல்லல." அவர் என்றால் கணவர்.

வெள்ளிக்கிழமை நானும் போனேன். இந்த முறை மிரட்டுவதற்கு அல்ல. அவள் பக்கத்தில் யாராவது நிற்க வேண்டுமே என்றுதான்.

பிரபாகர் கோபக்காரர் இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. அமைதியாக லேப்டாப்பைத் திறந்து மேஜையில் வைத்தார். குழியை நான் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன்.

"பாருங்க மேடம். திங்கள்னா காலையில வேலை ஆரம்பிச்சதுமே விழுது. செவ்வாய்னா சாயங்காலத்துக்கு முன்னாடி. புதன், வியாழன் சாப்பாட்டு நேரத்தை ஒட்டி வருது, அதனால சரியாத் தெரியல. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு டைம். ரேண்டமா இருக்கு. ரேண்டமா இருந்தா ஹார்டுவேர் இல்லன்னா நெட்வொர்க். ரெண்டையும் மாத்திப் பாத்தாச்சு. மிச்சம் இருக்கறது இந்த இடம்தான்."

நான் தலையாட்டினேன். குணாவும் ஆட்டினாள். உங்களில் சிலர் இந்நேரம் சிரிக்க ஆரம்பித்திருப்பீர்கள். எங்களுக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆச்சரியம்.

"இதோ, லைவா விழுது பாருங்க" என்றார் பிரபாகர். ஆமாம்... கோடு எங்கள் கண் முன்னாலேயே சரிந்து கீழே போய்ப் படுத்தது. குணா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

லேப்டாப்பைப் பார்க்கச் சகிக்காமல் நான் தலையைத் திருப்பிக் குடோனைப் பார்த்தேன்.

யாரும் சும்மா இல்லை. ஒருத்தி அட்டைப் பெட்டிகளை மடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தாள். ஒருத்தி ரேக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் புடவையின் இரு முனையைப் பிடித்து வெளிச்சத்தில் ஜரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெஷின்கள் மட்டும் சார்ஜர் தட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றிலும் பச்சை விளக்கு.

ஸ்டெல்லாவிடம் போனேன்.

"ஏம்மா, மெஷின் வேலை செய்யலையா?"

"நல்லா செய்யுதே மேடம்."

"அப்புறம் ஏன் எல்லாரும் கீழ வெச்சிட்டீங்க?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த ஊர்க்காரிதானா இவள் என்ற சந்தேகம் அந்தப் பார்வையில் இருந்தது.

"மேடம், இன்னிக்கி வெள்ளிக்கெழம. மணி பத்தரை தாண்டிடுச்சு. ராகு காலம்."

பிரபாகர் சொன்ன நேரங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

திங்கள் காலை. செவ்வாய் மாலைக்கு முன். வெள்ளி உச்சிக்கு முன். எந்த வீட்டுத் தினசரி காலண்டரிலும் அச்சடித்திருக்கும் சங்கதி. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகூடச் சொல்லும். அதை இரண்டு படித்த பெண்களும் ஒரு மேனேஜரும் கம்ப்யூட்டரில் கோடு போட்டுப் பார்த்து, ஹார்டுவேர் கோளாறு என்று தலையாட்டிக்கொண்டிருந்தோம். வைஃபை மாற்றினோம். விசைத்தறி மேல் பழி போட்டோம். பூசணிக்காய்கூடக் கட்டினோம்... பூசணிக்காய் வரை போனவர்களுக்கு ராகு காலம் ஞாபகம் வரவில்லை.

"குணா, உனக்குத் தெரியாதா இது?"

"எது?"

"ராகு காலத்துல இவங்க ஆர்டரைத் தொடறதில்லன்னு."

"தெரியுமே." அவள் குழப்பத்தோடு என்னைப் பார்த்தாள். "எப்பவுமே அப்படித்தானே அக்கா. அந்த நேரத்துல மத்த வேலையப் பாப்பாங்க. வேலைய யாரும் நிறுத்தறது இல்லையே. அது ராகு காலம்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். முகம் வெளுத்துப்போவதை நான் பார்த்தேன்.

அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காற்று அடிக்கிறது என்று யாராவது ரிப்போர்ட் எழுதுவார்களா? அவளுக்கு அது அப்படி. 'கருவி இயங்கவில்லை' என்று கம்ப்யூட்டர் சொன்னது. கருவிக்கு என்ன நோய் என்று எல்லாரும் தேடினார்கள். கருவியைக் கையில் வைத்திருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

பிரபாகர் மெதுவாக ஒரு அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்தார். பெட்டி அமுங்கியது. அவர் கவனிக்கவில்லை.

"புது மெஷினுக்கு ஆர்டர் போட்ட அன்னிக்கி" என்றார், "நானே ராகு காலம் முடியட்டும்னு உக்காந்திருந்துதான் கையெழுத்துப் போட்டேன் மேடம்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அவருக்குத் தான் மேனேஜர் என்பது ஞாபகம் வந்துவிட்டது. எழுந்து நின்றார்.

"இனிமே இதெல்லாம் கிடையாது. ஆர்டர் வந்தா எடுக்கணும், ஸ்கேன் பண்ணணும், அனுப்பணும். ராகு காலம், எமகண்டம்னு ஹெட் ஆபீஸ்ல போய் நான் சொல்ல முடியாது. குழி விழுந்தா குடோன் இங்க இருக்காது. அவ்ளோதான்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசியது ஸ்டெல்லா.

"சார், நான் சர்ச்சுக்குப் போறவ. எனக்கு ராகு காலமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அப்புறம் உங்களுக்கு இன்னாதான் பிரச்சனை?" சென்னைக்காரரும் சொந்தப் பாஷைக்கு இறங்கிவிட்டார்.

"புடவை வாங்கறவங்களுக்கு இருக்குதே சார். முகூர்த்தப் புடவை. எங்கியோ ஒரு வீட்ல நாலு பேரு உக்காந்து நல்ல நேரம் பாத்து ஆர்டர் போட்டிருப்பாங்க. நாம அதை ராகு காலத்துல எடுத்து அனுப்பினா அவங்களுக்குத் தெரியவா போவுது? தெரியாது. எனக்குத் தெரியுமில்ல சார்."

ராகு காலத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஸ்டெல்லாவுக்கும் கிடையாது. முகம் தெரியாத ஒரு பெண்ணின் நம்பிக்கைக்காக, தன் வேலையைப் பணயம் வைத்து, அவள் மெஷினைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறாள். வாங்கினவர்களோ, புடவை வரத் தாமதமானதற்கு ஆப்பில் நட்சத்திரத்தைக் குறைத்துப் போட்டிருப்பார்கள்.

ஆனால் குணாவால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. வெடித்துவிட்டாள்.

"ஸ்டெல்லா, நீ சும்மா இரு. யாரோ ஒரு பொண்ணு நல்லா இருக்கணும்னு பாக்கறியே, நான் எங்க போறது? உன் வூட்டுக்காரரு சம்பாரிக்கறாரு. என் வூட்ல அவரு கட்டில்ல கெடக்கறாரு. இந்த வேலை போச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்? மெஷினை எடு."

ஸ்டெல்லாவின் கண் கலங்கியது. "அக்கா, உங்களுக்கு ஒண்ணு ஆவணும்னு நான் நெனைப்பேனா?" என்றாள். ஆனால் கை மட்டும் மெஷின் பக்கம் போகவில்லை.

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். நான் யார் பக்கம் பேசுவது?

குணா விறுவிறுவென்று சார்ஜர் தட்டுக்குப் போனாள். ஒரு மெஷினை எடுத்தாள். அவளே ஆர்டரை எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். மற்ற பெண்களும் அப்படித்தான் நினைத்தார்கள், ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் அவள் ரேக்குக்கு முன்னால் போய், திரையில் எதையோ மாற்றி, அடுக்கியிருந்த புடவைகளை எடுக்காமல், இருந்த இடத்திலேயே ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தாள். பீப். பீப். பீப்.

மேஜையில் லேப்டாப் கோடு லேசாகத் தலையைத் தூக்கியது.

"ஸ்டெல்லா" என்றாள், திரும்பாமலே. "இருக்கறது சரியா இருக்குதான்னு எண்ணிப் பாக்கறதுக்கு ராகு காலம் உண்டா?"

ஸ்டெல்லா உண்மையிலேயே யோசித்தாள். பக்கத்தில் நின்ற பெண்களைப் பார்த்தாள். அவர்களும் யோசித்தார்கள். அந்தக் குடோனில் இத்தனை பேர் ஒரே விஷயத்தை இவ்வளவு தீவிரமாக யோசித்து நான் பார்த்ததில்லை.

"எண்ணறதுக்கு இன்னா அக்கா? அது எங்கியும் போவலியே. நம்மகிட்டதானே இருக்குது."

"அப்ப வா, எண்ணலாம்."

சார்ஜர் தட்டு காலியானது. குடோன் முழுக்க பீப் சத்தம். கோடு எழுந்து உட்கார்ந்தது, பிறகு ஏறியது.

பிரபாகர் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "தினமும் ஸ்டாக் எண்ணுங்கன்னு ஹெட் ஆபீஸ்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க. எந்தக் குடோன்லயும் நேரம் இல்லன்னு சொல்லிட்டாங்க" என்று முணுமுணுத்தார். பிறகு குணாவிடம், "இப்படியே ஓட்டுங்கம்மா. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவ்வளவுதான். குடோன் இங்கேயே இருக்கிறது. குணாவின் வேலையும் இருக்கிறது. ஆர்டர்கள் அவற்றுக்கான நேரத்தில் கிளம்புகின்றன. மாதக் கடைசியில் வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்து ஸ்டாக் எண்ணும் தொல்லை போனதில் எல்லாருக்கும் மகிழ்ச்சி.

ஆனால் அதிர்ச்சி இன்னும் முடியவில்லை. அடுத்த வாரம் பிரபாகரிடம் பேச வாய்ப்புக் கிடைத்தது. ரிப்போர்ட்டில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"புதிய கருவிகள் வந்த பிறகு குழி மறைந்துவிட்டதுன்னு எழுதினேன் மேடம்."

"அது பொய் இல்லையா?"

"எந்த வார்த்தை பொய்? கருவி வந்துச்சு. அப்புறம் குழி போச்சு."

அடேயப்பா. ஹெட் ஆபீஸ் அதைப் படித்துவிட்டு, எல்லா ஊர்க் குடோன்களுக்கும் இதே மெஷினை வாங்கச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டது. எலாஸ்டிக் பட்டையோடு. சரியான மெஷினைத் தேர்ந்தெடுத்த இன்சார்ஜ் யார் என்று விசாரித்து, மற்ற குடோன்களுக்கும் அவளையே அனுப்பி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். வேலை போய்விடும் என்று என் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுத அதே குணாவை. மாதத்தில் ஓரிரு நாள் என்பதால் வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் வருகிறாளாம்.

முதலில் ஆரணி. அங்கேயும் குழி விழுகிறதாம்.

"எப்ப விழுது?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா?

"தெனமும் சாயங்காலம், ஒரே நேரத்துல அக்கா."

"அப்போ ராகு காலம் இல்ல."

"இல்ல. வேற ஏதோ. போனதும் மெஷினை வெளியவே எடுக்கப் போறதில்ல. அந்தப் பொண்ணுங்களோட உக்காந்து மொதல்ல ஒரு டீ குடிக்கணும்."

பேசும்போது அவள் முகத்தில் இருந்த தெளிவைப் பார்த்து எனக்கு நிறைவாக இருந்தது. லட்சக்கணக்கில் போட்டு வாங்கிய மெஷின்கள் சொல்லாததை ஒரு டீ சொல்லிவிடும் என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

"என்னிக்குக் கிளம்பறே?"

"திங்கக்கெழம அக்கா. ஏழரைக்குள்ள வீட்டை விட்டு வெளிய வந்துடணும்."

ஏன் ஏழரை என்று நான் கேட்கவில்லை. ஒரு முறை அவமானப்பட்டது போதும்.